யோசனை சொல்லாத படிப்பு

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அம்மாவுக்கு என்னைவிடக் கூச்சமில்லை. பிரிஞ்சாங் டவுன் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுகூடப் பக்கத்தில் நிற்பவரிடம், "மக சைக்காலஜி முடிச்சிருக்கா" என்று சொல்லிவிடுவார். கேட்டவர் பெரும்பாலும் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பார்.

"ஓ, பைத்தியத்துக்கு மருந்து குடுக்கிற வேலையா?"

அம்மா அதை மறுப்பதில்லை. மருந்து கொடுக்கிற மகள் என்றால் மதிப்பு கூடத்தானே செய்யும்.

நான் மருந்து கொடுப்பதில்லை. பட்டம் முடித்து எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கே திரும்பி வந்து, பகலில் தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறேன். மாலையில் இணையம் வழியாக மேற்படிப்பு. அதன் பெயர் கோச்சிங் சைக்காலஜி. தமிழில் 'பயிற்றுவிப்பு உளவியல்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அந்தப் படிப்பில் யாரும் யாருக்கும் எதையும் பயிற்றுவிப்பதில்லை.

சேர்ந்த புதிதில் எனக்கே அது என்னவென்று சரியாகப் பிடிபடவில்லை. மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஒருவருக்கு உடம்பில் நோயில்லை, மனதிலும் நோயில்லை. வேலைக்குப் போகிறார், சிரிக்கிறார், சண்டை போடுகிறார். ஆனாலும் வாழ்க்கையில் ஏதோ ஓர் இடத்தில் நகராமல் நிற்கிறார். பிள்ளை பெற்று மூன்று வருஷம் வீட்டில் இருந்தவர் மறுபடி வேலைக்குப் போக நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இன்று மேலாளராகிவிட்ட ஒருவரால் அவர்களிடம் வாயே திறக்க முடியவில்லை. வகுப்பில் முதலாக வரும் மாணவி நேர்முகத் தேர்வு என்றதும் போகாமலே இருந்துவிடுகிறார். இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து, மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், எதனால் தயங்குகிறார்கள் என்று உளவியல் கண்டறிந்து வைத்திருப்பதைப் பயன்படுத்தி, கேள்விகள் கேட்டு, அடுத்த அடியை அவர்களே கண்டுபிடிக்கத் துணை நிற்பதுதான் இந்த வேலை. யோசனை சொல்லக் கூடாது. இதுதான் எனக்கு மிகவும் வியப்பாக இருந்த விதி. எங்கள் லயத்தில், அந்த எஸ்டேட் வீட்டு வரிசையில், யோசனை சொல்லாத மனிதர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே படித்தோம். எங்கள் லயத்தில் கணவரை இழந்த ஓர் அம்மா, "எனக்கும் அந்தக் கேள்வியெல்லாம் கேளும்மா" என்று வந்தார். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, குளிக்கவே மனமில்லை என்றார். நான் கேள்வி கேட்கவில்லை. கூடவே போய் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வேண்டியது சிகிச்சை. எது என் வேலை, எது என் வேலை இல்லை என்ற கோடு எங்கே விழுகிறது என்பதைப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆர்வம். அந்தக் கோட்டை நான் நன்றாகவே புரிந்துகொண்டுவிட்டேன் என்றுதான் அத்தை வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தேயிலைக் காட்டில் மெஷின் பிடிக்கிறவர். பெட்ரோலில் ஓடும் அந்த வெட்டு மெஷினைத் தனியாளாகத் தூக்க முடியாது. தேயிலை வரிசையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே நடையில் நடக்க வேண்டும். பின்னால் இழுபடும் நீளப் பையில் கொழுந்து போய் விழும். எங்கள் பிரிவில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த ஆண்கள். பெண்கள் ஒரே ஜோடிதான். அத்தையும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும். பக்கத்து வீட்டுக்காரரை நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். சொந்தமில்லை, பழக்கம்.

காட்டில் ஆட்களை வேலை வாங்குகிற பழைய கங்காணிக்கு முட்டி தேய்ந்துபோய் அவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மேனேஜர் அத்தையைக் கேட்டிருந்தார். எங்கள் பிரிவில் இதுவரை பெண் கங்காணி இருந்ததில்லை. திங்கட்கிழமை காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தில், பதில் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் வெளியிலிருந்து ஓர் ஆணைக் கொண்டுவருவார்கள். இன்னொரு தடவை கேட்க மாட்டார்கள்.

"நீ படிக்கிறியே, அத எனக்குச் செய்யி புள்ள" என்று அத்தையே வந்தார்.

நெருங்கிய சொந்தத்தோடு பயிற்சி வேண்டாம் என்பது பொது விதி. ஆனால் எஸ்டேட்டில் சொந்தமில்லாதவர்களைத் தேடி எங்கே போவது? ஆசிரியரிடம் கேட்டேன். பழகிப் பார்க்கும் கட்டம்தானே, அத்தைக்குச் சம்மதமென்றால் செய்யலாம் என்றார்.

மாலையில் அத்தை முகம் கழுவி, வெளியே போகிற சேலை கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை நேரெதிராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டேன். பாடத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அம்மாவை டிவியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போகச் சொன்னேன். அவர் பின்பக்கம் போனார், ஆனால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

"இந்த வேலை கிடைச்சா உங்களுக்கு என்ன மாறும் அத்தை?"

"சம்பளம் கூடும். மெஷின் தூக்க வேணாம். தோளு பொழைக்கும்."

"எது உங்கள யோசிக்க வைக்குது?"

"பொம்பளை சொன்னா அந்தப் பயலுங்க கேப்பானுங்களா? நம்ம ஆளுங்க கேப்பாங்களா? வேற என்ன." நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "நீ என்ன சொல்றே?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு என்னமோ தோணுது. அத விடு. நீ சொல்லு. எடுக்கலாமா, வேணாமா?"

நான் புன்னகைத்தேன். தலையை லேசாக ஆட்டினேன். அமைதியாக இருந்தேன். அந்த அமைதி எனக்குள் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பலருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். எனக்கு அது கைவந்துவிட்டதே என்று நினைத்தேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"சரிலா. புரிஞ்சிடுச்சு."

என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவருக்குள் ஏதோ தெளிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். "உங்க அத்தை வேணாம்னு சொல்லிரப் போறாளாம்."

"ஏன்?"

"ஏன்னு என்னக் கேக்கிற? நீதான வேணாம்னுட்ட."

"நானா? நான் ஒண்ணுமே சொல்லலியே."

"அதத்தான் சொல்றேன்" என்றார் அம்மா. "ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருந்தியாமே. லயம் பூரா அதான் பேச்சு. படிச்ச புள்ளயே வாயத் தொறக்கல, அப்ப அதுல என்னமோ இருக்குன்னு."

முதலில் சிரிப்புதான் வந்தது. அம்மா சொன்னதும் எனக்கு உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் நானும் அந்த லயத்தில் வளர்ந்தவள்தான். எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொல்வதில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண் பிடிக்கவில்லையென்றால் கேசரி நன்றாக இருந்தது என்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், கும்பிட்டுவிட்டு வேன் ஏறுவார்கள். அவ்வளவுதான். பெண் வீட்டுக்காரர்களும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். லோரி வாங்கலாமா என்று அண்ணனிடம் கேட்கிற தம்பிக்கு அண்ணன் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனால் லோரி கிடையாது என்று பொருள். பிடித்திருந்தால்தான் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்கள். கேட்கும்போது ஒருவர் சும்மா இருந்தால் அதுதான் மறுப்பு, அதுவும் மரியாதையான மறுப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்த அந்தக் கொஞ்ச நேரம் நான் வேறு எங்கோ இருக்கிற ஓர் ஊரின் அமைதியை எடுத்துவந்து அத்தை முன்னால் வைத்திருந்தேன்.

ஆசிரியரை அழைத்துச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "நீங்க எதச் செய்வீங்க, எதச் செய்ய மாட்டீங்கன்னு ஆரம்பத்துல அவங்ககிட்டப் பேசினீங்களா?" என்று கேட்டார். பேசவில்லை. அத்தைதானே, தெரியாதா என்று விட்டுவிட்டேன். முதல் சந்திப்பில் முதல் வேலையே அதுதான். இரண்டு பேரும் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று ஒப்புக்கொள்வது. அதைப் பாடமாகப் படித்தபோது அது ஒரு சடங்கு மாதிரித் தெரிந்தது. இப்போதுதான் அது எதற்கு என்று ஆர்வமாகத் திரும்பிப் பார்த்தேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. "எடுங்க அத்தை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் எடுத்துவிடுவார். அது என் முடிவாகிவிடும். நாளைக்குக் காட்டில் நிற்கப் போவது அவர். ஒன்றும் சொல்லாமல் விட்டாலோ, நான் சொல்லாத ஒரு 'வேண்டாம்' அவருடைய வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

மறுநாள் எஸ்டேட் கோவில் அன்னதானத்துக்கு முட்டைக்கோஸும் காரட்டும் வாங்கச் சனிக்கிழமை கோலா தெர்லாவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே காய்கறித் தோட்டத்திலேயே வாங்கினால் மலிவு. அத்தைதான் பொறுப்பு. என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. நான் ஓட்டுகிறேன் என்றேன்.

வார இறுதியில் கியா பார்ம் வழியாகப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், அங்கே கார் ஓடாது, நகரும். கோலாலம்பூர்க்காரர்கள் ஸ்ட்ராபெரிக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுப்பார்கள். முன்னால் ஒரு சுற்றுலா பஸ். பின்னால் ஒரு காய்கறி லோரி. நாங்கள் நடுவில்.

"அத்தை, அன்னிக்கு நான் வேணாம்னு சொல்லல."

"அதான் சொல்லலியே. எனக்குத் தெரியாதா?"

"இல்ல. வேணாம்னு நெனைக்கவும் இல்ல. வேணும்னும் நெனைக்கல. என் வேலை உங்களுக்கு யோசனை சொல்றது இல்ல. நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு நீங்களே பார்க்கக் கூட இருக்கிறது. அத முன்னாடியே சொல்லிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன். நான் சும்மா இருந்தா அதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. நீங்க யோசிக்கட்டும்னு இருக்கேன், அவ்ளோதான்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப உன்கிட்ட பதிலே இல்லயா?"

"இல்ல."

"இதுக்குப் போயி இத்தன வருசம் படிச்சியா?"

"ஆமா அத்தை."

"உங்க அப்பனுக்குத் தெரியுமா இது?"

இரண்டு பேரும் சிரித்தோம். முன்னால் பஸ் ஒரு முழம் நகர்ந்தது. நானும் ஒரு முழம் நகர்ந்தேன். நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது வராத பேச்சு, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. அது பஸ்ஸினாலா, முதலிலேயே விதியைச் சொல்லிவிட்டதாலா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை.

எனக்குத் தெரிந்த ஒரு கேள்வியை எடுத்தேன். ஒருவர் ஏற்கெனவே செய்து காட்டியதை அவருக்கே நினைவூட்டுவது நல்ல வழி என்று படித்திருந்தேன். "அன்னதானத்துக்கு நாப்பது பேர வேலை வாங்குறீங்க. அது எப்படி முடியுது?"

அத்தை அதைத் தூசி தட்டுவது போலத் தட்டிவிட்டார். "அது சோறுலா. காரட்டத் தப்பா வெட்டினா யாரு சம்பளத்துல கை வப்பா? கங்காணி வேற."

சரியென்று விட்டுவிட்டேன். எல்லாக் கேள்வியும் பலிக்காது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இந்த முறை அத்தை என் முகத்தைப் படிக்கவில்லை. ஜன்னல் வழியாகச் சோளம் விற்கிற கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் கேட்டேன். "செவ்வாக்கிழமை காலையில நீங்க கங்காணியா காட்டுல நிக்கிறீங்கன்னு வச்சுக்குங்க. மொதல்ல கண்ணுல என்ன தெரியுது?"

உடனே வந்தது பதில், அவரே எதிர்பார்க்காத மாதிரி. "அவ."

"யாரு?"

"என் ஜோடிதான். மெஷினோட ஒரு பக்கத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. இந்தப் பக்கம் எவனோ நிக்கிறான்." அத்தை கழுத்தைத் தடவிக்கொண்டார். "அவ கொழுந்த நான் கொட்டிப் பாத்து, முத்தல் இலை இருக்குன்னு சொல்லணும். அவ லேட்டா வந்தா லேட்டுன்னு போடணும். பயலுங்க கேக்க மாட்டானுங்கன்னு சொன்னேனே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவனுங்கள நான் பாத்துக்குவேன்."

இதுதான் விஷயம் என்று எனக்குப் புரிந்தது. சம்பளமும் தோள்பட்டையும் ஆண்களும் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன.

"சின்னம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. மேனேஜர் துரை இப்படிக் கேக்குறாருன்னு அன்னிக்கே சொன்னேன். ஒண்ணும் பேசல. துணி மடிச்சுக்கிட்டு இருந்தா, மடிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

பஸ் நகர்ந்தது. லோரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"நானும் ஒண்ணும் பேசலதான அத்தை" என்றேன்.

பிரேக்கை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு, கடைசிக் கடையையும் தாண்டினோம். சாலை திறந்தது. கோலா தெர்லா போய்ச் சேரும்வரை அத்தை வாங்க வேண்டிய காய்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் ஒரு கோஸைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, விலையைக் குறைக்கச் சொல்லி மலாயில் நன்றாகச் சண்டை போட்டார். வண்டியில் மூட்டைகளை ஏற்றும்போதுதான் சொன்னார்.

"கேக்குறதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு. அவ நெசமாவே வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா..." மூட்டையை உள்ளே தள்ளினார். "சொல்லிட்டா சொல்லிட்டாதான். அப்பவாவது அது அவ சொன்னதா இருக்கும்."

சாயங்காலம் சின்னம்மா வீட்டுப் பின்வாசலில் கோஸ் மூட்டையை இறக்கினேன். அன்னதானக் காய்கறி எப்போதும் அங்கேதான் வெட்டுவார்கள். அத்தை ஒரு கோஸை இரண்டாக வெட்டியபடியே கேட்டுவிட்டார். முகவுரையெல்லாம் இல்லை.

"நான் கங்காணியாப் போறது உனக்குப் புடிக்கலியா?"

சின்னம்மா கத்தியைக் கீழே வைத்தார். "புடிக்கல."

சின்னம்மா சும்மா இருந்தது நிஜமாகவே மறுப்பாகத்தான் இருந்திருக்கிறது. அதற்கும் அர்த்தமில்லாமல் இருக்கலாம் என்று நான் காரில் சுட்டிக்காட்டியது தவறாகிவிட்டது.

"நீ போயிட்டா எனக்கு யாரக் குடுப்பாங்க தெரியுமா? அந்த நெட்டையன. அவன் புடிச்சா மெஷின் சாஞ்சு பாரம் பூரா என் பக்கம் வரும். என் தோளு தோளு இல்லையா?"

"அவ்ளோதானா?"

"அவ்ளோதானான்னா? அப்புறம் நான் லேட்டா வந்தா என்ன பண்ணுவ?"

அத்தை கோஸை நாலாக வெட்டினார். "லேட்டுன்னு போடுவேன்."

"போடுவியாக்கா?"

"போடலன்னா மத்தவங்க எனக்கு எதுக்கு மரியாத குடுக்கணும்?"

"போட்டா நான் உன்கூடப் பேச மாட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

"அதப் பாத்துச் சொல்றேன்" என்றார் சின்னம்மா. கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினார். வெட்டிய வேகத்தில் கோபம் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் எழுந்து போகவில்லை. அந்த நெட்டையனைத் தவிர வேறு யார் உயரத்துக்குச் சரியாக இருப்பார்கள் என்று பேச்சு தொடர்ந்தது. குள்ளமான ஒரு நேபாளப் பையனின் நடை நன்றாக இருக்கும் என்று சின்னம்மாவே சொன்னார். நான் அங்கே தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை விடுதிக்குப் போகும் வழியில் பெரட்டுக் களத்துக்கு மேலே காரை நிறுத்தினேன். பனியில் எல்லோரும் மழைச்சட்டையோடு நின்றார்கள். மேனேஜர் கேட்டார். அத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றார், உடனே இன்னொன்றும் சொன்னார். மெஷினுக்கு எந்த ஆளைக் கொடுப்பது என்பதை மெஷின் பிடிக்கிறவள் தேர்ந்தெடுக்கட்டும், அந்த ஆள் பழகும்வரை காலையில் கொஞ்ச நேரம் நானே கூடப் பிடிக்கிறேன் என்றார். மேனேஜர் கொஞ்சம் யோசித்து, இந்த மாதம் மட்டும் என்றார். யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தை அந்தப் பக்கம் திரும்பி, அவர்களுக்கு இருப்பதிலேயே செங்குத்தான சரிவை முதல் வேலையாகக் கொடுத்தார்.

அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று நான் இன்னும் யோசிக்கிறேன். நான் கேட்ட எந்தக் கேள்வியிலும் அது இல்லை. என்னிடம் யாராவது யோசனை கேட்டிருந்தால் அது எனக்குத் தோன்றியே இருக்காது. என் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அதே சமயம் என்னை ஏமாற்றவும் கூடிய இடம் இதுதான், ஏனென்றால் நடந்ததில் என் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை. ஒரு கேள்வி கேட்டேன். ஒரு போக்குவரத்து நெரிசல் இருந்தது. இரண்டு பெண்கள் கோஸ் வெட்டினார்கள்.

ஒரு மழை நாளில் சின்னம்மா தாமதமாக வந்தார். அத்தை லேட்டென்று போட்டார். சொன்னபடியே பேச்சு நின்றது. வேலை நிற்கவில்லை. அந்த நேபாளப் பையனோடு சின்னம்மா ஒரே நடையில் நடந்தார், அத்தை கொழுந்தைக் கொட்டிப் பார்த்தார், இருவரும் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார்கள்.

"எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டேன். இதை நான் படித்த படிப்புக்காகக் கேட்கவில்லை.

"சூசாதான்லா" என்றார். கஷ்டம்தான் என்று. "ஆனா தெரிஞ்சுதான எடுத்தேன்."

அந்த வாரக் கடைசியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சின்னம்மா தன் வாசலில் நின்று, இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்க கங்காணியம்மாகிட்டச் சொல்லிரு. இன்னும் ரெண்டு நாளைக்குப் பேச மாட்டேன்."

அத்தை வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாலு நாளா ஆக்கச் சொல்லு. எனக்கும் ஓய்வா இருக்கும்."